கலக்கருவின் வடிவும் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தின் கேடும் அவ்வாறே முகத்தில் தெரியுமாயின் மருத்துவரின் தொழில் மிக எளிதாயிருக்கும். புற்றுநோய் அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. எனினும் அந்நோய்க்கும் ஒரு முகம் உண்டு. உயிருடலின் மிகச் சிறிய அலகாகிய கலத்தினுள்ளே அமைந்த கருவே அம்முகம். நோயாளியின் உடலிலிருந்து பெற்ற இழையத் துண்டினை மெல்லிய சீவலாக்கிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இழையத்தின் ஒழுங்கையும், அங்குள்ள கருக்களின் பருமனையும் விளிம்பையும் நிறத்தையும் நோக்கியே, இது புற்று, இது புற்றன்று என நோயியலறிஞர் தீர்ப்புக் கூறுகின்றனர். பரம்பரையலகுச் சோதனைகள் பெருகிய இந்நாளிலும் முதற்றீர்ப்பு பெரும்பாலும் இவ்வழியே பெறப்படுகிறது.

ஆயின், கருவின் வடிவு கெடுதல் புற்றின் அடையாளம் என்பது அறியப்பட்டு நூறாண்டுக்கு மேலாகிய பின்னரே, அவ்வடிவு ஏன் கெடுகிறது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கத் தொடங்கிற்று. அடையாளம் முன்னே வந்தது. காரணம் நெடுந்தொலைவு பின்தங்கி வந்தது. காரணமறியாத அடையாளம் எத்துணைப் பயன் தரும், எவ்விடத்திற் கைவிடும் என்பதற்கு இவ்வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கலக்கருவுக்குப் பெயரிட்டவர் மருத்துவரல்லர், தாவரவியலாளர். 1831 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் மாநகரில் இலின்னியன் சங்கத்தார் முன்னிலையில், றொபேட் பிறவுண் என்பார் ஓகிட் தாவரங்களைப் பற்றிய தமது ஆய்வுரையை வாசித்தார். அத்தாவரங்களின் கலம் ஒவ்வொன்றிலும் ஒளி குன்றிய வட்டமான பொருளொன்று காணப்படுவதை எடுத்துக்காட்டி, இலத்தீன் மொழியிற் பருப்பு எனப் பொருள்படும் சொல்லால் அதனை வழங்கினார். அவருக்கு முன்னரே அதனைக் கண்டோர் உளர். எனினும் கலந்தோறும் காணப்படும் பொதுவுறுப்பு இது என வற்புறுத்தியவர் அவரே. ஏழாண்டு கழித்து, 1838 ஆம் ஆண்டில், தாவரவுடல் கலங்களால் ஆயது என மத்தியாசு சிலைடன் உரைத்தார். 1839 ஆம் ஆண்டில் தியோடர் சுவான் அக்கொள்கையை விலங்குடலுக்கும் விரித்தார்.

சுவானின் ஆசிரியர் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஹானஸ் மியூலர். உடலில் தோன்றும் கட்டிகளின் நுண்ணமைப்பினை ஆராய்ந்து, அவையும் கலங்களால் ஆயவையே என 1838 ஆம் ஆண்டில் நூலெழுதியவர் அவரே. உடலிற் சேர்ந்த தீய நீரின் விளைவே புற்று என்னும் பழங்கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. கலங்களால் ஆயது புற்று எனின், புற்றுக்கலத்தை நற்கலத்திலிருந்து வேறுபிரித்தறிவது எங்ஙனம் என்னும் வினா உடனே எழுந்தது.

அவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் தரப்பட்டன. ஹேர்மன் லேபேட் என்பார், புற்றுக்கலம் தனிவகையானது. பெருத்த கருவும் அதனுள்ளே பெருத்த புன்கருவும் அதன் இலக்கணம் என்றார். மியூலரின் மற்றொரு மாணாக்கராகிய றூடொல்ப் விர்ஹோ இதனை ஏற்றிலர். எல்லாக் கலங்களும் முன்னைய கலங்களினின்றே தோன்றுவன. ஆதலின் புற்றுக்கலமும் உடலின் இயல்பான கலங்களின் வழிவந்ததே. தனியொரு கலத்தைக் கண்டு நோயைத் துணிதல் இயலாது என்பது அவர் கொள்கை. பிற்காலத்தை நோக்கின், இருவர் கூற்றிலும் உண்மையின் ஒவ்வொரு பாதி இருந்தமை புலனாகும். 1860 ஆம் ஆண்டில் இலண்டனில் இலயனல் பீல் என்னும் மருத்துவர், தொண்டைப் புற்றுடைய ஒருவரின் சளியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, பருமனிலும் வடிவிலும் ஒன்றையொன்று ஒவ்வாத கலங்களைக் கண்டு படம் வரைந்து வெளியிட்டார். அறுவையின்றியே உதிர்ந்த கலங்களைக் கொண்டு நோயறியலாம் என்பதற்கு அது முன்னோடியாயிற்று.

கண்ணின் தீர்ப்பு எத்துணைப் பாரத்தைச் சுமக்கக்கூடும் என்பதனை 1887 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உலகறியச் செய்தது. யேர்மன் முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்குக்குத் தொண்டை கரகரத்துக் குரல் மங்கிற்று. குரல்நாணிலே சிறு வளர்ச்சி காணப்பட்டது. யேர்மன் மருத்துவர்கள் புற்றென ஐயுற்று, அவ்வாண்டு மே மாதத்தில் அறுவை செய்யத் துணிந்தனர். இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொறெல் மக்கென்சி என்னும் மருத்துவர், அறுவைக்கு முன்னர் இழையச் சோதனை வேண்டுமென்று கூறி, வளர்ச்சியிலிருந்து சிறு துண்டொன்றைக் கிள்ளியெடுத்தார். அதனை ஆராய்ந்தவர், அக்காலத்தில் நோயியலின் தந்தையென மதிக்கப்பட்ட விர்ஹோ. தமக்குத் தரப்பட்ட இழையத்திலே புற்றின் அடையாளம் இல்லையென அவர் அறிக்கை தந்தார். அறுவை கைவிடப்பட்டது. நவம்பர் மாதத்தில் இத்தாலியின் சான் றேமோ நகரிலே நோய் புற்றென்பது ஐயமற வெளிப்பட்டது. 1888 பெப்ரவரியில் மூச்சு விடுதற்கென வாதனாளியைத் துளைக்க நேர்ந்தது. மார்ச் 9 ஆந் திகதி தந்தையார் இறக்க, பேசவியலாத நிலையிற் பிரெடெரிக் பேரரசரானார். 99 நாள் அரசாண்டு, ஜூன் 15 ஆந் திகதி உயிர்நீத்தார்.

விர்ஹோ பொய்யுரைத்தாரல்லர், தம்மிடம் வந்த துண்டிற் கண்டதையே கூறினார். வளர்ச்சியின் மேற்புறத்துத் துண்டு அதன் ஆழத்திலுள்ளதைக் காட்டாதொழியலாம். அன்றியும், கருக்களின் கேட்டினை முறையாகப் படித்தறியும் கலை அப்போது முதிர்ந்திருக்கவில்லை. அவ்வாறுதான் அறுவை நடந்திருப்பினும் இளவரசர் பிழைத்திருப்பாரா என்பது வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடும் பொருள். நுணுக்குக்காட்டி காட்டுவது அதன் கீழ் வைக்கப்பட்டதையே என்னும் பாடம் மட்டும் மருத்துவ உலகில் நிலைத்தது.

அக்கலையை முதிர்வித்தவை இரண்டு. ஒன்று சாயம். மத்திய அமெரிக்காவில் வளரும் மரமொன்றின் வைரத்திலிருந்து பெறப்படும் ஹேமற்றொக்சிலின் என்னும் சாயம், 1860 ஆம் ஆண்டுகளில் நுணுக்குக்காட்டி ஆய்விலே பயிலத் தொடங்கிற்று. அது கருவினை நீலமாகத் துலக்கிக் காட்டியது. மற்றையது, கலம் பிரியும் முறையினை வால்ற்றர் பிளெமிங் 1882 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியமை. கரு பிரியுங்கால் அதனுள்ளிருக்கும் இழைகள் இரு சம பாகங்களாகப் பகுக்கப்படுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அவ்விழைகளே 1888 இலிருந்து நிறமூர்த்தங்கள் எனப் பெயர் பெற்றன.

விர்ஹோவின் உதவியாளராயிருந்த தாவிது ஹான்சமன், இவ்விரு கருவிகளையுங்கொண்டு புற்றுக்களை ஆராய்ந்தார். நற்கலத்திற் சமமாய் நிகழும் பிரிவு, புற்றுக்கலத்திற் பல வேளைகளிற் சமனின்றி நிகழ்வதை 1890 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். ஒரு மகட்கலம் மிகுதியாயும் மற்றையது குறைவாயும் பங்கு பெறுதலின், அவற்றின் கருக்கள் பருமனிலும் நிறத்திலும் வேறுபடுகின்றன. மியூலர், விர்ஹோ, ஹான்சமன் என ஆசிரிய மரபின் மூன்றாந் தலைமுறையிலே கருவின் வடிவுக்கு முதன்முறையாக ஒரு காரணம் முன்மொழியப்பட்டது.

அதனைக் கொள்கையாக்கியவர் உவூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்து விலங்கியற் பேராசிரியர் தியோடர் போவேரி. கடல் அர்ச்சின் எனப்படும் முட்போர்த்த சிறு கடலுயிரின் முட்டையொன்றினுள் இரு விந்துக்கள் புகுமாயின், முட்டையின் முதற்பிரிவு இரு முனைகளுக்குப் பதிலாக நான்கு முனைகளை நோக்கி நிகழ்வதையும், நிறமூர்த்தங்கள் தாறுமாறாகப் பகுக்கப்பட்டு முளையம் கெடுவதையும் அவர் கண்டார். நிறமூர்த்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணமுடையன. அவற்றின் தொகை பிறழ்ந்த கலமே கட்டுமீறிப் பெருகிப் புற்றாகலாம் என 1914 ஆம் ஆண்டிற் சிறு நூலொன்றில் எழுதினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய துணைவியார் மார்செல்லா போவேரி அந்நூலை 1929 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்த்தார். போவேரி புற்றினை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தவரல்லர். கடலுயிரின் முட்டையிலே கண்டதனை மனிதவுடலுக்கு ஏற்றி உய்த்துணர்ந்தார். அவ்வுய்த்துணர்வு மெய்யென ஏற்கப்படப் பல பதிற்றாண்டுகள் சென்றன.

காரணம் இவ்வாறு காத்திருக்க, அடையாளம் தன் வழியே பயன்தரத் தொடங்கிற்று. கிரேக்க நாட்டிற் கிமி என்னும் ஊரிலே 1883 ஆம் ஆண்டிற் பிறந்த ஜோர்ஜ் பப்பனிக்கொலோ, 1913 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, நியூயோர்க்கிலுள்ள கோணெல் மருத்துவக் கல்லூரியிலே கினிப்பன்றிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். பின்னர்ப் பெண்களின் கருப்பை வாயிலிலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நோக்கியபோது, சிலரிடத்திற் கருப்பெருத்து விளிம்பு கோணிய புற்றுக்கலங்களைக் கண்டார். இதனை 1928 ஆம் ஆண்டில் மாநாடொன்றில் அறிவித்தார், கேட்டோர் பொருட்படுத்திலர். அதற்கு முந்திய ஆண்டிலேயே உருமேனிய நாட்டு மருத்துவர் ஓரெல் பபேசு இத்தகைய முறையொன்றைப் புக்கரெஸ்ற் நகரில் எடுத்துரைத்திருந்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பப்பனிக்கொலோ தளர்ந்திலர். ஹேர்பேட் திரோட் என்னும் மருத்துவருடன் கூடி 1941 ஆம் ஆண்டிற் கட்டுரையும் 1943 ஆம் ஆண்டில் நூலும் வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் அம்முறை பரவிற்று. சோதனை ஒழுங்காக நடைபெற்ற நாடுகளிற் கருப்பைக் கழுத்துப் புற்றால் நேரும் இறப்பு பெரிதுங் குறைந்தது. இலங்கையிலும் 1996 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நல்வாழ்வு மகளிர் சிகிச்சை நிலையங்களில் இச்சோதனை இடம்பெற்றது.

இம்முறையின் வரலாற்றிலே அடையாளத்துக்கும் காரணத்துக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தோன்றுகிறது. கரு சுருங்கி உலர்ந்த திராட்சை போலக் கோண, அதனைச் சுற்றி வெறுவெளி வட்டமிட்ட கலங்களுக்கு 1956 ஆம் ஆண்டில் இலியோபோல்ட் கொசும் அவருடன் ஆய்ந்தவரும் தனிப்பெயர் இட்டனர். அத்தோற்றம் வைரசொன்றின் செயல் என 1976 ஆம் ஆண்டிலே கூறப்பட்டது. 1983 ஆம் ஆண்டில் ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர், கருப்பைக் கழுத்துப் புற்றிற் பப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையைக் கண்டுபிடித்தனர். 2008 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பப்பனிக்கொலோ 1962 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். எண்ணற்ற பெண்களைக் காத்த அவர், தாம் கண்ட கருக்கள் ஏன் அவ்வாறு கோணின என்பதை அறியாமலே சென்றார்.

வடிவினை அளவையாக்கும் முயற்சியும் உடன் நிகழ்ந்தது. மார்பகப் புற்றுடைய 1,409 பேரை ஆராய்ந்த புளூம், றிச்சட்சன் என்னும் இருவர், 1957 ஆம் ஆண்டில் மூன்று இயல்புகளுக்குப் புள்ளியிடும் முறையை வகுத்தனர். குழாயமைப்பு எவ்வளவு எஞ்சியுள்ளது, கருக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன, பிரியுங் கலங்கள் எத்தனை என்பனவே அவை. சிறுநீரகப் புற்றுக்கு 1982 ஆம் ஆண்டிலே கருவின் பருமன், விளிம்பு, புன்கரு ஆகிய மூன்றையுங்கொண்டு நான்கு படிகள் வகுக்கப்பட்டன. ஆனால் ஒரே தகட்டை நோக்கும் இருவர் வேறுவேறு படி கூறுதல் நேர்ந்தது. ஆதலின் 2012 ஆம் ஆண்டில் அறிஞர் கூடி, பெரும்பாலும் புன்கருவின் துலக்கமொன்றையே கொள்வது நன்றெனத் துணிந்தனர். கண்ணின் சான்று பெரிது. எனினும் கண்கள் தம்முள் உடன்பட்டாலன்றி அது சான்றாகாது.

கருவுக்கு வடிவு தருவது யாது? ஏறக்குறைய 2 மீற்றர் நீளமுள்ள பரம்பரைப் பொருளை, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு விட்டத்துக்குள் அடக்கி வைத்திருப்பது கரு. அதன் மென்சவ்வின் உட்புறத்தே வலைபோற் பின்னிய புரத அடுக்கொன்று உண்டு. அடுக்கின் புரதங்களுக்கு இலாரி ஜெறேசும் குந்தர் புளோபெலும் லமின் ஏ, பீ, சீ எனப் பெயரிட்டனர். கூரைக்குக் கைமரமும் வரிச்சும் போலக் கருவுக்கு இவ்வலை அமைந்துள்ளது. கருவைச் சூழ்ந்த குழியவுருவிலும் கரு பல மடங்கு விறைப்பானது என அளந்தறியப்பட்டது.

அவ்வலை பழுதுபட்டால் யாது நிகழும் என்பதை இயற்கையே காட்டிற்று. லமின் ஏ புரதத்துக்குரிய பரம்பரையலகின் பிறழ்வால் ஒருவகைத் தசைநலிவு உண்டாதல் 1999 ஆம் ஆண்டிலும், குழந்தைகள் இளமையிலேயே மூப்படையும் புறொஜீரியா நோய் உண்டாதல் 2003 ஆம் ஆண்டிலும் அறியப்பட்டன. புறொஜீரியாக் குழந்தைகளின் கருக்கள் புற்றுக்கருக்களைப் போலவே புடைத்துங் குழிந்தும் காணப்படுகின்றன. ஆயினும் அக்குழந்தைகள் பெரும்பாலும் இறப்பது புற்றாலன்று. இரத்தக்குழாய் தடித்தலால் வரும் இருதய நோயாலேயே. ஆகவே கருவின் கோணல் ஒன்றே புற்றினை ஆக்குவதில்லை என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் புற்றுக்கும் கருவின் விறைப்புக்கும் தொடர்பு யாது? கொல்லும் புற்றுக்களிற் பெரும்பாலானவை தோன்றிய இடத்திலே நின்று கொல்வனவல்ல, பரவிக் கொல்வன. பரவுங் கலம் இழையத்தின் நார்களிடையேயும் குழாய்ச் சுவர்களிடையேயும் நுழைய வேண்டும். குழியவுரு நீர்போல் நெகிழ்ந்து புகும். கரு எளிதிற் புகாது. எலி வளையினுள்ளே தேங்காயை இழுத்தாற் போன்றது அது. வழியின் அகலம், கருவின் குறுக்குப் பரப்பிற் பத்திலொரு பங்களவுக்குச் சிறுக்குமாயின், நாரைக் கரைக்கவியலாத கலம் நின்றுவிடுகிறது என 2013 ஆம் ஆண்டிற் பீற்றர் பிறீடல் குழுவினர் காட்டினர். என்பு முதலிய விறைத்த இழையங்களின் கலங்களில் லமின் ஏ மிகுந்தும், மூளை முதலிய மென்மையான இழையங்களிற் குறைந்தும் உள்ளதென அதே ஆண்டில் டெனிஸ் டிஷர் குழுவினர் கண்டனர். புற்றுக்களிலோ அப்புரதம் சிலவற்றிற் குறைந்தும் சிலவற்றில் மிகுந்தும் உள்ளது. மென்மையான கரு இடுக்கில் எளிதிற் புகும். ஆயின் எளிதிற் கிழியும்.

கிழிதலும் கண்ணாரக் காணப்பட்டது. 2016 ஆம் ஆண்டிற் கோணெல் பல்கலைக்கழகத்து யான் லமெடிங் குழுவினரும் பாரிசிலே மத்தியூ பியேல் குழுவினரும், மிக ஒடுங்கிய வழிகளிற் கலங்களைச் செலுத்தி, கருமென்சவ்வு வெடிப்பதையும், பரம்பரைப் பொருள் ஊறுபடுவதையும், கலம் அவ்வெடிப்பை விரைவில் தைத்து மூடுவதையும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். ஒருமுறை நெருங்கிய வழியிற் புகுந்த கலம் மேலும் பிறழ்வுகளுடன் வெளிவரலாம் என்பது இதனாற் பெறப்படும் அச்சந்தரும் கருத்து. போவேரியின் உய்த்துணர்வும் இக்காலத்திலேயே புதுவலு பெற்றது. சமனற்ற பிரிவிலே பின்தங்கிய நிறமூர்த்தம் தனியொரு சிறுகருவாய் ஒதுங்குவதும், வலுவற்ற அதன் மென்சவ்வு கிழிவதும், உள்ளிருந்த நிறமூர்த்தம் துண்டு துண்டாய்ச் சிதறித் தாறுமாறாய் ஒட்டுவதும் 2011 ஆம் ஆண்டுக்குப் பின்வந்த ஆய்வுகளால் விளக்கமுற்றன. 1890 ஆம் ஆண்டில் ஹான்சமன் வரைந்த படமும் இவ்வாய்வுகளும் ஒரே நெறியின் இரு முனைகள்.

காரணம் விளங்கத் தொடங்கிய இக்காலத்திலேயே அடையாளத்தின் எல்லையும் விளங்கிற்று. தைரொயிட்டுச் சுரப்பியின் ஒருவகைக் கட்டி, தன் உறையைக் கடவாது கிடப்பினும், கருக்களின் தோற்றம் ஒன்றைக்கொண்டே புற்றெனப் பெயரிடப்பட்டு வந்தது. அப்பெயரால் நோயாளர் பலர் பெரிய அறுவைக்கும் கதிர்வீசும் அயடீன் மருந்துக்கும் உட்பட்டனர். 7 நாடுகளைச் சேர்ந்த நோயியலறிஞர் 24 பேர் ஒன்றுகூடி, உறை கடவாத அத்தகைய கட்டியுடைய 109 பேரின் வரலாற்றை ஆராய்ந்தனர். 10 தொடக்கம் 26 ஆண்டுகள் கவனிக்கப்பட்ட அவரனைவரும் நோயின்றி உயிருடனிருந்தனர். 2016 ஆம் ஆண்டில் அக்கட்டியின் பெயரினின்றும் புற்று என்னும் சொல் நீக்கப்பட்டது. விர்ஹோவின் தகட்டிலே புற்று இல்லையெனக் கூறியமை ஒருவருக்குக் கேடாயிற்று. இங்கோ புற்று உண்டெனக் கூறியமை பலருக்குத் துன்பமாயிற்று.

இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். காரணம் அறியும்வரை காத்திருப்போம் என மருத்துவர் வாளாவிருந்திருப்பின், பப்பனிக்கொலோவின் சோதனை பிறந்திராது. பல்லாயிரம் தாய்மார் மாண்டிருப்பர். ஆதலின் காரணமறியா அடையாளம் இகழத்தக்கதன்று. அடையாளத்தையே நோயெனக் கொள்ளுதலும் தகாது. கோணிய கருவினைக் கண்டவர், அக்கரு எவ்வழியே வந்தது, எவ்வழியே செல்லவல்லது, அதனையுடைய மனிதர்க்கு யாது நேர்ந்தது என்பனவற்றையும் உடன் வினவ வேண்டும். பிறவுண் ஓர் ஓகிட்டின் இலையிலே கண்ட மங்கலான வட்டம் இருநூறு ஆண்டுகளை அணுகும் இந்நாளிலும் முற்றும் விளங்கிற்றில்லை. புற்றுக்கலத்தின் கரு எவ்விசையால் எவ்வளவு கோணும், அக்கோணலைத் தடுத்து நோய் பரவாது காத்தல் கூடுமா என்பன இன்றைய ஆய்வுகூடங்களின் வினாக்கள். இன்று நுணுக்குக்காட்டியின் முன் முதன்முறையாக அமரும் மாணாக்கர், தமது கண் காண்பதை ஐயமின்றிக் குறிக்கவும், அதன் பொருளை ஐயத்துடன் வினவவும் ஒருங்கே பழகுவாராயின், அவ்வினாக்களின் விடைக்கு அவர் தகுதியுடையவராவர்.